உங்கள் கொலுவில் உங்கள் கையால் செய்த பொம்மை எங்கே?

நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பரணிலிருந்து பெட்டிகளை இறக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எதற்குக் கை ஒடிந்தது, எதற்கு மூக்கு உதிர்ந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு படி கட்டி அடுக்க வேண்டும்.

பாட்டி சீதனமாகக் கொண்டு வந்த மரப்பாச்சி இருக்கும். அம்மா வாங்கிய தசாவதார செட் இருக்கும். நீங்கள் போன ஆண்டு பேரம் பேசி வாங்கிய செட்டியார் பொம்மை இருக்கும். எல்லாம் இருக்கும்.

ஆனால், உங்கள் வீட்டார் தங்கள் கையால் செய்த பொம்மை எத்தனை?

பத்து வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு வீட்டில்தான் பதில் கிடைத்தது. அங்கும், "எங்கள் அத்தை ஒரு காலத்தில் காகிதக் கூழில் கிளி செய்தார். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை" என்றார்கள்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது வீட்டில் செய்ய வேண்டும். அதுவும், கடைப் பொம்மையை அச்சு எடுத்துச் செய்யக் கூடாது. முதல் மண் உருண்டையிலிருந்து நாமே பிடித்துச் செய்ய வேண்டும்.

"அச்சு எடுத்தால் என்ன தவறு? காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மூதாட்டியிடம் செட்டியார் - ஆச்சி பொம்மை ஒரு ஜோடி வாங்கினேன். கோயில் வீதியில், தரையில் கித்தான் விரித்து விற்றுக் கொண்டிருந்தார். ஆச்சியின் முகத்தில் ஒரு சிரிப்பு. உதடு பிரியாத சிரிப்பு. கடைக்கணக்கில் இரண்டு ரூபாய் லாபம் வந்தால் சிரிப்பது போன்ற சிரிப்பு. எனக்கு மிகவும் பிடித்து விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவு வாங்கி வந்தேன். பொம்மைக்கு எண்ணெய் தடவி அச்சு எடுத்தேன். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி ஆறு ஜோடி செய்தேன். வர்ணம் அடித்தேன். உறவினர் வீடுகளுக்கு நவராத்திரிப் பரிசாகக் கொடுத்தேன். எல்லோரும், "அடேயப்பா, நீங்களே செய்ததா?" என்று வியந்தார்கள். நானும், "ஆமாம்" என்று சொன்னேன்.

மறு ஆண்டு அதே மூதாட்டியிடம் போனேன். பெருமை தாங்கவில்லை. ஒரு ஜோடியைக் கையோடு கொண்டு போய்க் காட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கினார். தலைகீழாகத் திருப்பினார். கட்டை விரலால் ஆச்சியின் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது என் மாமனார் பிடித்த முகம், தம்பி. அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது. சிரிப்பு அழிந்து போய் விட்டதே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் பொம்மையைத் துணியால் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எதிரே இருந்த ஒரு கடையைக் கண்ணால் காட்டினார். அங்கே, அதே செட்டியாரும் ஆச்சியும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு வியாபாரி அச்சு எடுத்து, குறைந்த விலைக்குப் போட்டிருக்கிறார். மூதாட்டியின் ஜோடியை வாங்க ஆள் இல்லை.

அந்த வியாபாரி செய்ததும் நான் செய்ததும் ஒரே வேலைதான். அவர் விற்றார். நான் விற்கவில்லை. அவ்வளவே வித்தியாசம்.

அச்சுதான் அவர்கள் நிலம்

பொம்மை செய்யும் குடும்பத்துக்கு அச்சு என்றால் என்ன? உழவனுக்கு நிலம் எப்படியோ, அப்படி.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி இருக்கிறது. புதுச்சேரியில் வில்லியனூர் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. இந்த ஊர்களில் எல்லாம் தலைமுறை தலைமுறையாக மண்ணிலும் காகிதக் கூழிலும் பொம்மை செய்து வருகிறார்கள்.

வேலை நடக்கும் முறையைக் கேளுங்கள். முதலில் ஒருவர் களிமண்ணில் உருவம் பிடிக்கிறார். இதுதான் மூல பொம்மை. ஒரு நல்ல முகம் அமைய எத்தனையோ நாள் ஆகும். அது அமைந்த பிறகு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு அச்சு எடுக்கிறார்கள். அச்சின் உள்ளே களிமண்ணைத் தட்டையாக வைத்து விரலால் அழுத்துகிறார்கள். இரண்டு பாதியையும் ஒட்டுகிறார்கள். நிழலில் உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். பிறகு வர்ணம்.

பொம்மையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக இருக்கும். அடியில் ஒரு துளையும் இருக்கும். அது கஞ்சத்தனம் அல்ல. கட்டியான மண் உள்ளே ஈரத்தோடு சூளைக்குப் போனால், அந்த ஈரம் நீராவியாகிப் பொம்மை வெடித்து விடும். அதற்காகத்தான் கூடும் துளையும்.

இன்னொரு செய்தி. களிமண் உலர்ந்து வேகும்போது சுருங்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள சுட்ட பொம்மையிலிருந்து அச்சு எடுத்து மண்ணில் செய்தால், வருவது 18 சென்டிமீட்டர்தான். அந்தப் பொம்மைக்கு மறுபடி அச்சு எடுத்தால், 16 சென்டிமீட்டர் சொச்சம். திருட்டு அச்சு தலைமுறைக்குத் தலைமுறை குள்ளமாகிக் கொண்டே போகும்!

பிளாஸ்டரில் வார்த்தால் உயரம் குறையாது. ஆனால் வர்ணப் பூச்சின் மேல் அச்சு எடுப்பதால் இமை, நகம், உதட்டுக் கோடு எல்லாம் மழுங்கி விடும். மூதாட்டி, "சிரிப்பு அழிந்து விட்டது" என்று சொன்னது வெறும் மன வருத்தம் அல்ல. உண்மையாகவே அழிந்துதான் இருந்தது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தையும் கலைப் படைப்பாகவே கணக்கில் வைத்திருக்கிறது. அதில் கலைத்தரம் உண்டா இல்லையா என்று அது கேட்பதில்லை. ஆனால் தரையில் கித்தான் விரித்து விற்கும் ஒரு மூதாட்டி எந்த வக்கீலிடம் போவார்? ஆகவே, சட்டத்தை விட்டு விடுங்கள். நம் மனதையே கேட்டுக் கொள்வோம்.

சுவாமிமலை ஸ்தபதிகளைப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்கிறார்கள். காவிரி வண்டல் மண்ணை அதன்மேல் பூசுகிறார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடி விடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு அச்சு, ஒரு சிலை. இன்னொன்று வேண்டுமானால் மறுபடி மெழுகில் தொடங்க வேண்டும். அது பெரிய வேலை. நம் வீட்டுக்கு அது வேண்டாம். அடுப்பங்கரையில் உலோகம் உருக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை இப்போதே விட்டு விடுங்கள்.

எதைச் செய்வது?

சரி, நாமே செய்வது என்று முடிவு செய்து விட்டோம். எதைச் செய்வது?

சாமி உருவத்தில் தொடங்காதீர்கள். சாமிக்கு நாலு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு ஆயுதம். முதல் பொம்மையிலேயே அது வராது. வராவிட்டால் மனம் சோர்ந்து போகும்.

உங்கள் தெருவைப் பாருங்கள். சென்னை மெரீனா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை அது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். 1959-ல் அந்தச் சிலை திறக்கப்பட்டது. அந்த நாலு பேரும் ராஜாக்கள் அல்ல, மந்திரிகளும் அல்ல. வேட்டியும் கோவணமும் கட்டிய கூலி ஆட்கள். ஆயினும், கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையின் முன் நின்று பார்த்து விட்டுத்தான் போகிறார்கள்.

என் மகளுக்கு அப்போது 11 வயது. "நீ எதைச் செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். "பூக்காரப் பாட்டி" என்றாள். எங்கள் தெரு முனையில் உட்கார்ந்து பூக்கட்டும் பாட்டி. நான் இஸ்திரி வண்டிக்காரரைச் செய்வதாகச் சொன்னேன். மகள் தேர்ந்தெடுத்ததுதான் சரியான உருவம். நான் எடுத்தது தவறு.

ஏன்? உட்கார்ந்திருக்கும் பாட்டி கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருப்பார். நெல் குவித்தது போன்ற வடிவம். விழாது, ஒடியாது. இஸ்திரிக்காரருக்கோ இரண்டு கால், நீட்டிய கை, கையில் பெட்டி, பக்கத்தில் சக்கரம் வைத்த வண்டி. மூன்றாம் நாளே நான் கைவிட்டேன். முதலில் செய்கிறவர்கள் உட்கார்ந்த உருவத்தை எடுங்கள். ஒரு சாண் உயரம் போதும். பூக்கூடையைத் தனியாகச் செய்து பிறகு ஒட்டலாம்.

களிமண்ணை எங்கே வாங்குவது? பானை செய்பவரிடம் கேளுங்கள். அவரிடம் சலித்து மிதித்த மண் இருக்கும். சும்மா வாங்காதீர்கள், காசு கொடுத்து வாங்குங்கள். ஈரத் துணியில் சுற்றிப் பாலிதீன் பையில் வைத்தால் பல நாள் இருக்கும். கருவி என்று தனியாக ஒன்றும் வேண்டாம். மூங்கில் குச்சி, பழைய கரண்டிக் காம்பு, பல்குத்தும் குச்சி, நனைத்த துணி. இவை போதும்.

முதலில் முகத்துக்குப் போகாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அதுதான். முதலில் மொத்த உருவத்தைப் பிடியுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போதே, "இது பூக்காரப் பாட்டி" என்று தெரிய வேண்டும். முதுகு வளைவிலேயே அது தெரியும். மூக்கு, கண் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் மகள் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பாட்டியை நின்று பார்த்து விட்டுப் போனாள். பாட்டி நாரைப் பல்லால் கடித்து இழுப்பார் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். அந்தப் பாட்டியிடம் எத்தனையோ ஆண்டுகளாகப் பூ வாங்குகிறேன். நான் அதைப் பார்த்ததே இல்லை.

இட்லித் தட்டும் கொழுக்கட்டை அச்சும்

மண்ணில் உருவம் வந்து விட்டது. இனி அச்சு. இந்த இடத்தில்தான் பலர் பயந்து விடுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. உங்கள் சமையல் அறையில் இருக்கும் விஷயம்தான்.

இட்லித் தட்டைப் பாருங்கள். குழி அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கிறது. அதனால் இட்லி தடையில்லாமல் வெளியே வருகிறது. குழியின் வாய் குறுகி, உள்ளே அகலமாக இருந்தால் என்ன ஆகும்? இட்லி வராது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பொம்மை அச்சிலும் இதே கதை. மோவாய்க்குக் கீழே, அக்குளுக்குள்ளே, காதுக்குப் பின்னே என்று உள்வாங்கிய இடங்கள் உண்டு. அங்கே பிளாஸ்டர் புகுந்து இறுகிக் கொண்டால் அச்சு கழலாது. நான் எடுத்த முதல் அச்சு பாட்டியின் மோவாயில் மாட்டிக் கொண்டது. சுத்தியால் உடைத்தேன். ஆகவே, அப்படிப்பட்ட குழிகளை மண் வைத்துக் கொஞ்சம் நிரவி விடுங்கள். கையை உடம்போடு ஒட்டி வையுங்கள்.

கொழுக்கட்டை அச்சு எப்படி இரண்டாகத் திறக்கிறதோ, அப்படி நம் அச்சையும் இரண்டு பாதியாக எடுக்க வேண்டும். செய்வது இப்படி:

மேஜையில் களிமண்ணை மெத்தை போலப் பரப்புங்கள். உருவத்தைப் படுக்க வைத்து, பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்கும்படி செய்யுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டு அட்டையால் சுவர் கட்டுங்கள். மண் மெத்தையில் நாலு மூலையிலும் கோலிக்குண்டால் அழுத்திக் குழி போடுங்கள். இந்தக் குழிகள்தான், பிறகு இரண்டு பாதியும் பிசகாமல் பொருந்துவதற்கு வழி. இப்போது பிளாஸ்டரை ஊற்றுங்கள். இறுகியதும் தலைகீழாகப் புரட்டி, மண் மெத்தையை மட்டும் எடுத்து விடுங்கள். தெரியும் பிளாஸ்டரின்மேல் சோப்புக் கரைசலை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். பூசாவிட்டால் புதிய பிளாஸ்டர் பழையதோடு ஒட்டி ஒரே கல்லாகி விடும். ஈரக் களிமண்ணுக்கு மட்டும் எண்ணெயோ சோப்போ தேவை இல்லை. பிறகு இரண்டாம் பாதியை ஊற்றுங்கள்.

மாவு கரைப்பதிலும் ஒரு வழி உண்டு. ஒரு கிலோ மாவுக்கு 700 மில்லி தண்ணீர். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டி விடும். தூவிய பிறகு ஓரிரு நிமிடம் ஊற விட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். அரட்டை அடித்துக் கொண்டே நிற்காதீர்கள். கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கி விடும்.

குழந்தையின் கையைக் காப்பாற்றுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்பது ஜிப்சம் என்ற கல்லைச் சுட்டு, அதில் உள்ள தண்ணீரின் பெரும் பகுதியைப் போக்கிய மாவு. நாம் தண்ணீர் சேர்த்ததும் அது திரும்பவும் கல்லாகிறது. அப்போது சூடு பிறக்கும். கட்டியாக இருந்தால் 60 டிகிரி வரைகூடச் சூடு ஏறும்.

இங்கிலாந்தில் 2007-ஆம் ஆண்டு 16 வயது மாணவி ஒருத்தி, பள்ளிக்கூடத்துக் கலை வகுப்பில், கை உருவத்தை அச்சு எடுப்பதற்காகத் தன் இரண்டு கைகளையும் வாளியில் இருந்த பிளாஸ்டருக்குள் விட்டாள். அது இறுகி விட்டது. கையை எடுக்க முடியவில்லை. சூடு ஏறிக் கொண்டே போயிற்று. அந்தப் பெண் தன் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள்.

குழந்தையின் பிஞ்சுக் கையைப் பதிவு எடுத்து வைக்க ஆசைப்படும் தாய்மார்கள் உண்டு. களிமண்ணில் கையை அழுத்தச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகு அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றுங்கள். பிளாஸ்டருக்குள் குழந்தையின் கை போகவே கூடாது. மாவு கரைப்பது பெரியவர்கள் வேலை. தூசி மூக்கில் போகாமல் துணி கட்டிக் கொள்ளுங்கள்.

மீதிப் பிளாஸ்டரைச் சமையல் அறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். குழாய்க்குள் போய்க் கல்லாகி விட்டது. குழாய் மாற்ற வந்தவர் வாங்கிய கூலியில் பத்துப் பொம்மை வாங்கியிருக்கலாம். இதை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

எதில் வார்ப்பது?

அச்சு தயார். அதற்குள் என்ன வைப்பது?

மண்ணை வைத்தால் சுட வேண்டும். 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கேக் சுடும் அடுப்பில் அந்தச் சூடு வராது. பக்கத்தில் சூளை வைத்திருப்பவர் சம்மதித்தால் அவருடைய பானைகளோடு வைக்கலாம். அது அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு.

பிளாஸ்டரை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். வழுவழுப்பாகவும் இருக்கும். ஆனால் கனம். கீழே விழுந்தால் சுக்கல். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி, ஒட்டகம் என்று சிறு உருவங்கள் வார்ப்பதற்குச் சரி. தண்ணீரில் கரைக்கும் பிள்ளையாரை மட்டும் இதில் செய்யாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறையிலும் இது கூடாது என்றே சொல்லி இருக்கிறது.

இப்போது சில இளைஞர்கள் சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் என்ற பிசினை ஊற்றிச் சினிமா வீரர்களின் உருவம் செய்கிறார்கள். ரப்பர் வளைந்து கொடுக்கும். அதனால் மோவாய், அக்குள் எதிலும் மாட்டாது. அருமையாக வருகிறது. ஆனால் விலை அதிகம். அதன் ஆவியும் நல்லதல்ல. கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக் கூடத்தில் செய்யும் வேலை அல்ல அது.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு ஏற்றது காகிதக் கூழ்தான். காசு இல்லை. கனம் இல்லை. விழுந்தாலும் உடையாது.

பழைய செய்தித் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள். (இந்தப் பத்திரிகையையும் படித்து முடித்த பிறகு ஊறப் போடலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.) நன்றாக இடித்துப் பிழிந்து, வெந்தயம் ஊற வைத்து அரைத்த விழுதும், காய்ச்சிய மைதாப் பசையும் சேர்த்துப் பிசையுங்கள். முன்பு நம் பாட்டிமார்கள் காகிதக் கூடை செய்ததும் இப்படித்தான். சப்பாத்தி மாவு பதம் வர வேண்டும்.

அச்சின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வைத்து, மூக்கு, விரல் இடுக்கு எல்லாவற்றிலும் படும்படி அழுத்துங்கள். துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். அச்சோடு வெயிலில் வைத்து, ஓரம் விட்டு வரும்போது கழற்றி, நன்றாகக் காய விடுங்கள். அவசரம் கூடாது. எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று. பிறகு இரண்டு பாதியையும் பசையால் ஒட்டி, சேரும் இடத்தில் காகிதப் பட்டை ஒட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். சாக்பீஸ் தூளைப் பசையில் குழைத்து இரண்டு பூச்சுப் பூசினால் முகம் வழுவழுப்பாகும். அதன்மேல் வர்ணம்.

வர்ணம் வாங்கும்போது, ஈயம் கலக்காதது என்று டப்பாவில் எழுதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அதற்கு முன்பு வாங்கிய பழைய டப்பா பரணில் கிடந்தால், அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கண்ணைக் கடைசியில் எழுதுங்கள். சிற்பிகள் வழக்கமும் அதுதான்.

அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்?

ஒரு நண்பர் கேட்டார்: "எல்லோரும் வீட்டிலேயே செய்து கொண்டால், பொம்மைக்காரர்கள் பிழைப்பு என்ன ஆவது? மூதாட்டிக்காக இரக்கப்படுகிறாய். பிறகு நீயே அவர் வியாபாரத்தைக் கெடுக்கிறாயே?"

நியாயமான கேள்விதான். ஆனால் நடந்தது வேறு. ஒரு பூக்காரப் பாட்டியைச் செய்ய எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு கொலு பொம்மைக் கடையில் என்னால் பேரம் பேச முடியவில்லை. வாய் வரவில்லை. "இந்த விரலைப் பிரித்துப் பிடிக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?" என்று கை கணக்குப் போடுகிறது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், மோட்டாரில் வந்து இறங்கி, பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டிலும் ஒரு தடவை களிமண்ணைக் குழைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

நாங்கள் ஆண்டுக்கு ஒன்றுதான் செய்கிறோம். மற்றவற்றைக் கடையில்தான் வாங்குகிறோம். வாங்கும்போது பழைய அச்சில் வந்ததா, திருட்டு அச்சில் வந்ததா என்று கண்டுபிடிக்கவும் கற்றுக் கொண்டோம். உதட்டையும் நகத்தையும் பார்த்தால் தெரிந்து விடும். என் மகள் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறாள்.

நான் வார்த்த ஆறு ஜோடிகளில் எங்கள் வீட்டில் இருந்ததை எடுத்து விட்டேன். மற்ற ஐந்தையும் உறவினரிடம் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால், "அதை நான் செய்யவில்லை. இன்னாருடைய மாமனார் செய்தது" என்று ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். என் பெரியம்மா மட்டும், "அதனால் என்னடா, நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார்.

பூக்காரப் பாட்டி பொம்மையை எடுத்துக் கொண்டு, மகளோடு மூதாட்டியிடம் போனேன். அந்தப் பொம்மைக்கு மூக்கு கொஞ்சம் கோணல். அச்சிலிருந்து எடுக்கும்போது தலை தனியாக வந்து விட்டதால், கழுத்தில் ஒட்டுப் போட்ட தழும்பும் இருந்தது. வர்ணம் அடித்தும் மறையவில்லை.

மூதாட்டி வழக்கம் போலத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். முதுகைத் தடவினார். "யார் பிடித்தது?" என்று கேட்டார். மகள், "நான்தான், பாட்டி" என்றாள்.

"முதுகு நன்றாக வந்திருக்கிறது, கண்ணு. ஆனால் இவ்வளவு மெல்லிய கழுத்து தாங்காது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி விட்டால் கனம் கிடைக்கும். மூக்கும் அப்படித்தான். ஒரே தடவையில் இழுக்காதே. கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி வை" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த ஈர மண்ணில் கிள்ளிக் காட்டினார்.

இந்த ஆண்டு என் மகள் பால்காரரைச் செய்து கொண்டிருக்கிறாள். கழுத்தில் ஒரு துண்டு போட்டிருக்கிறார்.